கிளெம் டாஸ்கர் வாயில் வைத்த ஒரே மடக்கு

கிளெம் டாஸ்கரைக் குடிகாரன் என்று சொல்லிச் சிரிப்பவர்களுக்கு நடுவில் ஆறு வருஷமாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜூபிலி நாடக அரங்குக்கு எதிரே உள்ள மதுக்கடையில் மாதம் ஒரு தடவையாவது அந்தக் கதை வரும். எவனாவது எழுந்து நின்று, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு தள்ளாடிக் காட்டுவான். அது நடந்த மதியம் அரங்கில் கால் வைக்காதவன்தான் அதை ரொம்ப நன்றாகச் செய்வான். "வெளியில ஆரஞ்சு ஜூஸ், பைக்குள்ள பாட்டிலு!" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நான் என் பீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பேசுவதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. செத்தவருக்குக் கொடுத்த வாக்கு எத்தனை காலம் செல்லும் என்று எனக்குத் தெரியாது. இதற்கு மேல் என்னால் முடியாது, அவ்வளவுதான்.

என் பெயர் ஸ்டான்லி லம்ப். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு சாண்ட்பி கடற்கரையில் இருக்கும் ஜூபிலிக்கு வேலைக்கு வந்தவன். மேடைச் சாமான்கள் என் பொறுப்பு. அதோடு பிரதியும். அதாவது, நாடகம் நடக்கும்போது பிரதியை மடியில் வைத்துக்கொண்டு மேடையின் இடது ஓரம் மறைவில் உட்கார்ந்திருப்பேன். யாராவது வசனத்தை மறந்தால் எடுத்துக் கொடுப்பேன். வாழ்க்கையில் நான் படித்த புத்தகமெல்லாம் நாடகங்கள்தான். ஒவ்வொன்றையும் விரலை வைத்து இருபது முப்பது தடவை படித்திருக்கிறேன்.

டாஸ்கர் ஹாலிஃபாக்ஸ்காரர். அப்பா டிராம் கண்டக்டர். வீடு முழுக்கக் குடி ஆகாத மெதடிஸ்ட் சபை. பன்னிரண்டு வயதில், மதுவைத் தொடமாட்டேன் என்று சபைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர். சண்டைக் காலத்தில் எகிப்தில் ராணுவக் கிடங்கில் போர்வை எண்ணிக்கொண்டிருந்தார். அங்கே சிப்பாய்களுக்காகப் போட்ட நாடகத்தில் ஒரு பாதிரியார் வேஷம் கட்டினார். திரும்பி வந்ததும் வடக்குப் பக்கத்து நாடகக் கம்பெனிகளில் சேர்ந்துவிட்டார். வாரம் ஒரு நாடகம். இந்த வாரத்து நாடகத்தை மாலையில் ஆடிக்கொண்டே அடுத்த வாரத்து நாடகத்தைப் பகலில் ஒத்திகை பார்க்க வேண்டும். முப்பது வயதில் அவருக்கு முடி போய்விட்டது, அதோடு காதலன் வேஷமும் போனது. முப்பத்தொன்றிலிருந்து அறுபது வயதுக்காரராகவே நடித்தார். நிஜமாகவே அறுபது வந்தபோது, "இனிமே ஒப்பனை நேரம் மிச்சம்" என்றார்.

சினிமாவும் டிவியும் செய்தார். நாற்பதுக்கு மேல் படங்கள் இருக்கும். தபால்காரர், ஸ்டேஷன் மாஸ்டர், பிணத்தை முதலில் பார்க்கும் தோட்டக்காரர். எதிலும் மூன்று நிமிஷத்துக்கு மேல் இல்லை. நடிகர் பட்டியலில் 'இரண்டாவது போலீஸ்காரர்' என்று போட்டிருந்தால் அது அவர்தான். முதல் போலீஸ்காரருக்கு இரண்டு வசனம் அதிகம்.

ஜனங்களுக்கு அவர் முகம் தெரியும், ஆள் தெரியாது. ஒருநாள் பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டாள்.

"எங்க அத்தை வீட்டுக்கு கேஸ் மீட்டர் பாக்க வந்தவர்தானே நீங்க?"

"ஆமாம்மா. மீட்டர் ஒழுங்கா ஓடுதா?"

"எங்க ஓடுது? நீங்க தொட்டதுலேர்ந்து அதிகமாக் காட்டுது!"

"அடுத்த வாரம் ஆள் அனுப்பறேன்" என்று தொப்பியைத் தொட்டுக் கும்பிடு போட்டார். இறங்கின பிறகு நான், நடிகர் என்று சொல்ல வேண்டியதுதானே என்றேன். "எதுக்கு? மீட்டர்காரன்னு நம்பிட்டாங்க பாரு. சம்பளம் இல்லாம ஒரு வேஷம்" என்றார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் எங்களுக்குள் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அப்போது இருபத்துமூன்று. ஒரு நாடகத்தில் அவர் ஸ்டேஷன் மாஸ்டர். மகன் சுரங்கத்தில் செத்துப்போனதாகத் தந்தி வரும். படிப்பார், மடிப்பார், கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பிறகு, "அஞ்சரை வண்டி நேரத்துக்கு வருது" என்பார். முதல் நாள் அவர் நின்றது எனக்கு ரொம்ப நீளமாகத் தெரிந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்து, "அஞ்சரை வண்டி!" என்று எடுத்துக் கொடுத்தேன். அரங்கு முழுக்கக் கேட்டுவிட்டது. மாடியில் எவனோ சிரித்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"வசனம் எழுதினவரோடது, லம்ப். சட்டை கம்பெனியோடது. சும்மா நிக்கற நேரம் ஒண்ணுதான் என்னோடது. அதுல கை வைக்காதே."

"மறந்துட்டீங்கன்னு நினைச்சேன், மிஸ்டர் டாஸ்கர்."

"மறந்தா நானே சொல்றேன். இடது கை சட்டை முனையைத் தொடுவேன். தொட்டா குடு. தொடலைன்னா கூரையே இடிஞ்சாலும் வாயைத் திறக்காதே."

அதற்குப் பிறகு கோடைக்குக் கோடை எங்கள் அரங்குக்கு வந்துபோனார். இருபத்தாறு வருஷத்தில் அவர் சட்டை முனையைத் தொட்டது நான்கே தடவை.

எண்பத்தேழில் ஜூலியன் ஃப்ரேன் என்ற புது டைரக்டர் வந்தார். முப்பத்தொரு வயது, கறுப்பு பனியன், சாப்பாட்டுக்குப் பதில் தயிர். ஆள் மோசமில்லை. டாஸ்கருக்கு முதல் தடவையாகப் பெரிய வேஷம் கொடுத்தவர் அவர்தான். ஓய்வு பெற்ற நீதிபதி. குற்றம் செய்யாதவனைத் தூக்கில் போட்டுவிட்டு முப்பது வருஷம் மறைத்து வைத்திருப்பவர். கடைசிக் காட்சியில் மகள் கேட்பாள். ஏழு எண்ணும் நேரம் அவர் சும்மா நிற்பார். பிறகு ஒரே வரி: "முதல் நாளே எனக்குத் தெரியும்."

அதே வாரம் லண்டனிலிருந்து அவருடைய ஏஜென்ட் மிஸ் வின்டர் போன் செய்தாள். டிவியில் வாராவாரம் வரப்போகும் தொடருக்கு ஒரு மதுக்கடை முதலாளி வேண்டுமாம். நாடகம் தொடங்கும் வாரத்து வியாழக்கிழமை மதியக் காட்சிக்கு டிவிக்காரர் ஒருவர் வந்து டாஸ்கரைப் பார்ப்பாராம்.

"வாராவாரம், லம்ப்! பேரு வச்ச ஆளு. 'இரண்டாவது' கிடையாது" என்றார். அறுபத்தெட்டு வயது மனுஷன் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

காலையில் கடற்கரையோரக் கூடாரத்தில் உட்கார்ந்து அவருக்கு வசனம் கேட்பது என் வேலை. பிளாஸ்கில் டீ, மடியில் பிரதி, முகத்தில் காற்று. முதல் நாள் ஒரே வரியை மூன்று தடவை விட்டார். வயசு என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள், மகளாக நடிக்கும் ஜில் நடைபாதையில் எங்களைத் தாண்டிப் போனாள். "காலை வணக்கம் கண்ணு" என்று சிரித்தார். அவள் போனதும் என் பக்கம் சாய்ந்து, "யாரு அது? நல்லா இருக்காளே" என்றார்.

அதற்குள் அவளோடு பத்து நாள் ஒத்திகை பார்த்திருந்தார்.

நாடகக்காரர்கள் எல்லாரையும் கண்ணு, செல்லம் என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வருஷம் அவர் ஃப்ரேனையும் கண்ணு என்றார், திரை இழுப்பவனையும் கண்ணு என்றார், டிக்கெட் விற்கிறவளையும் கண்ணு என்றார். ஒருத்தர் பெயரும் அவரிடம் இல்லை. என் பெயர் மட்டும் இருந்தது.

"டாக்டர்கிட்ட போங்க, மிஸ்டர் டாஸ்கர்."

"போனா அவர் அதுக்கு ஒரு பேரு வைப்பாரு. அந்தப் பேரு எனக்கு முன்னாடி லண்டன் போயிடும்." டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆர்ச்சி பூல் ஞாபகம் இருக்கா? போதையில மேடையிலேர்ந்து மத்தளக்காரன் மேல விழுந்தானே. அடுத்த திங்கக்கிழமையே பிளாக்பர்ன்ல அவனுக்கு வேலை. எல்லாரும் கதை கேட்டுக் கேட்டு அவனுக்கு ஊத்திக் குடுத்தாங்க. மாட் ஹெஸ்கெத் ஒரு சொட்டுக் குடிக்காதவ. ரெண்டு தடவை வசனத்தை மறந்தா. இப்ப கையுறைக் கடையில நிக்கறா. குடிச்சவன் காலைல தெளிஞ்சிடுவான்னு முதலாளிக்குத் தெரியும். மறந்தவனை எவன் நம்புவான்?"

யாரிடமும் சொல்வதில்லை என்று அந்தக் கூடாரத்தில்தான் வாக்குக் கொடுத்தேன்.

மேடையில் இருந்த சாமானிலெல்லாம் வசனத்தை எழுதி ஒட்டினேன். சட்டப் புத்தகத்துக்குள், சுருட்டுப் பெட்டி மூடியில், மை உறிஞ்சும் அட்டையில், தட்டில் கோப்பை உட்காரும் இடத்தில்கூட. நீதிபதி எதையாவது எடுத்துக்கொண்டே இருப்பார். பத்திரிகைக்காரன் அதைப் பார்த்து, குற்ற உணர்ச்சியில் கை ஓரிடத்தில் நிற்கவில்லை என்று எழுதினான். கடைசிக் காட்சி மட்டும்தான் இடித்தது. அதில் அவர் மேடை நடுவில் வெறுங்கையோடு நிற்க வேண்டும்.

"மேசை ஓரமா உக்காந்து பேசட்டுமா கண்ணு?" என்று ஃப்ரேனிடம் கேட்டார்.

"வேண்டாம் கிளெம். நடுவுல நில்லுங்க. உங்க முகம்தான் அந்தக் காட்சியே."

நாற்பது வருஷத்தில் எந்த டைரக்டரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. நடுவிலேயே போய் நின்றார்.

திங்கள், செவ்வாய், புதன் காட்சிகள் எப்படியோ தடங்கலில்லாமல் போய்விட்டன. வியாழன் மதியம் நூற்றுப்பத்துப் பேர், பாதிக்கு மேல் கிழவிகள். எங்கள் மதியக் காட்சியில் இடைவேளைக்கு நாற்காலிக்கே டீத் தட்டு வரும், இரண்டு பிஸ்கட்டோடு. கடைசி அங்கம் வரை கோப்பைச் சத்தம் ஓயாது. ஆறாவது வரிசையில் டிவிக்காரர், மடியில் மழைக்கோட்டு. மதியக் காட்சிக்கு வந்ததே, மாலை ரயிலைப் பிடிக்கத்தான்.

ஜில் கேட்டாள்: "அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

நான் எண்ணினேன். ஏழு. எட்டு. கோப்பைச் சத்தம் நின்றது. பத்து. ஒருத்தர் இருமவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த அரங்கில் இருந்திருக்கிறேன், அப்படி ஒரு நிசப்தத்தைக் கேட்டதில்லை. பன்னிரண்டு. நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. வலது கை அதன் பக்கம் போகவே இல்லை. தொடவில்லை, எனவே இது அவர் நேரம், கை வைக்காதே என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு. ஜில்லின் கண் என் பக்கம் ஓடி வந்தது. அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். வலது ஓரத்தில் தேடினார். நான் எந்தப் பக்கம் உட்காருவேன் என்பது அவருக்குத் தெரியவில்லை. சட்டை முனையைத் தொட வேண்டும் என்பதும் போய்விட்டது. வசனத்தோடு அதையும் மறந்திருக்கிறார். அதுவரைக்கும் அது என் மண்டையில் ஏறவில்லை.

எடுத்துக் கொடுத்தேன். உரக்கவே கொடுத்தேன். அவர் காதில் விழுந்தது. அது தன்னுடையது என்று தெரியவில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு கிழவி, பாவம், உதவி செய்வதாக நினைத்து, "முதல் நாளே தெரியுமாம், ஐயா!" என்றாள்.

அரங்கு சிரித்தது. அந்தச் சிரிப்புதான் அவரை எழுப்பியது. அவர் முகத்தில் அந்த நொடி ஓடிய கணக்கை நான் மட்டும் பார்த்தேன். பிறகு மோவாயை உயர்த்தினார். முழங்காலை ஒரு விரற்கடை தளரவிட்டார். மட்டமான நடிகன் குடிகாரன் வேஷத்தில் தள்ளாடுவான். நிஜக் குடிகாரன் தள்ளாடக்கூடாது என்று பாடுபடுவான். டாஸ்கர் ரொம்ப ஜாக்கிரதையாக, கயிற்றின்மேல் நடப்பதுபோல், மேசை வரைக்கும் நடந்தார். சுருட்டுப் பெட்டி விழுந்தது. அதைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். "எல்லாம் தெரியும் கண்ணு" என்று நாக்குத் தடிக்க ஜில்லிடம் சொன்னார், "எல்லாமே தெரியும்..." கீழே யாரோ, "அட, குடிச்சிருக்காரு!" என்றார்கள். அரங்கே நம்பிவிட்டது. அவர் செய்ததிலேயே பெரிய வேஷம் அது. திரையை இறக்கினார்கள்.

ஃப்ரேன் பின்வரிசையிலிருந்து ஓடிவர ஒரு நிமிஷம் ஆகும். அதற்குள் டாஸ்கர் என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"சரக்கு, லம்ப். சீக்கிரம்."

மேடைப் புட்டியில் இருப்பது கருக்கின சர்க்கரைத் தண்ணீர். சாமான் அலமாரியில் என் சொந்த ரம் கால் பாட்டில் இருந்தது. ஒரு மடக்கு வாயில் ஊற்றினார். கண் பிதுங்கியது, இருமினார், கொப்பளித்து, தீயணைக்க வைத்திருந்த வாளி மணலில் துப்பினார். மீதியைக் கழுத்துப் பட்டையிலும் வெயிஸ்ட்கோட்டிலும் தடவிக்கொண்டார். பன்னிரண்டு வயதில் கையெழுத்துப் போட்டவர் வாயில் வைத்தது அந்த ஒரு மடக்குத்தான். அதையும் விழுங்கவில்லை.

ஃப்ரேன் வந்து மோந்து பார்த்தார்.

"எத்தனை நாளா இது, கிளெம்?"

"வருஷக்கணக்கா, கண்ணு." தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"லம்ப், நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

நான் மணல் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் மேடையில குடிச்சுட்டு ஏறினவங்க மறுபடி ஏற முடியாது. யாரா இருந்தாலும்" என்றார் ஃப்ரேன். அவருக்கும் அழுகைதான்.

அன்று மாலைக் காட்சியில் வேறொருவர் பிரதியைக் கையில் வைத்துப் படித்து நடித்தார். நான் டாஸ்கரை அவர் தங்கியிருந்த மிஸஸ் க்ரிம்ஷா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். நல்ல உற்சாகமாக இருந்தார். "ஒரு மாசம் சிரிக்கட்டும், லம்ப். சிரிச்சு முடிச்சதும் கூப்பிடுவாங்க" என்றார்.

சிரித்தார்கள். கூப்பிடவில்லை. அவர் தெரிந்துவைத்திருந்த தொழில் இருபது வருஷத்துக்கு முந்தியது. ஆர்ச்சி பூலுக்கு ஊற்றிக் கொடுத்தவர்களெல்லாம் செத்துவிட்டார்கள். மிஸ் வின்டர் போனில், "குடிக்கறவங்க பேரையே இப்பல்லாம் எடுக்கவிட மாட்டேங்கறாங்க, கிளெம்" என்றாளாம். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். "சொன்னா மட்டும்?" என்றார். குடி என்றாலும் கதவுக்குப் பூட்டு, மறதி என்றாலும் பூட்டு. எந்தப் பூட்டு என்று தேர்ந்தெடுத்தது மட்டும்தான் அவர்.

ஹாலிஃபாக்ஸிலிருந்து அக்கா எடித் ஒரு கடிதம் போட்டாள். யாரோ செய்தி சொல்லியிருக்கிறார்கள். அம்மா உயிரோடு இல்லாதது நல்லதாகப் போயிற்று, இனி என் வீட்டுக்கு வராதே என்று நான்கு வரி. அதை மேல்சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். வாரம் ஒருமுறை புதிதாக வந்த கடிதம்போல எடுத்துப் படிப்பார். ஒவ்வொரு தடவையும் புதிதாகவே அழுவார். இதை எழுதுகிற காரணங்களில் அந்த அம்மாளும் ஒன்று. இப்போது எண்பது இருக்கும். யாராவது படித்துக் காட்டட்டும்.

எண்பத்தொன்பதில் மிஸஸ் க்ரிம்ஷா வீட்டில் இரண்டு தடவை கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுத் தூங்கிவிட்டார். இனி வைத்துக்கொள்ள முடியாது என்றாள், அவளையும் குறை சொல்ல முடியாது. நகராட்சி முதியோர் இல்லத்தில் சேர்த்தோம், மேட்டின்மேல். கடல் தெரியாத பக்கம் ஜன்னல். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போவேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு, நடிகராச்சே, ஏதாவது சொல்லுங்கள் என்று அங்கிருந்த பெண்கள் அவரை எழுப்பி நிற்கவைத்தார்கள். நின்றார். மோவாயை உயர்த்தினார். ஒன்றும் வரவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். காகிதத் தொப்பி போட்ட கிழவர்கள், அதுதான் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவரும் குனிந்து வணக்கம் சொன்னார். நான் வெளியே போய் சிகரெட் பற்றவைத்தேன்.

தொண்ணூற்றொன்று பிப்ரவரியில் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டார். அடக்கத்துக்கு ஆறு பேர், அதில் இரண்டு பேர் இல்லத்துக்காரர்கள். ஃப்ரேன் பூ அனுப்பினார். எடித் வரவில்லை. முடிந்தபிறகு மதுக்கடையில், "பாவம், குடிதான் ஆளைக் கொண்டுபோச்சு" என்று ஒருவன் எனக்கே ஆறுதல் சொன்னான்.

அவர் போவதற்கு முந்தின ஞாயிறுதான் கடைசியாகப் பார்த்தது. பனி பெய்துகொண்டிருந்தது. மிஸ் வின்டர் ஆபீஸை மூடிவிட்டு ஸ்பெயின் பக்கம் போய் வருஷம் இரண்டு ஆகியிருந்தது. நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன், அது மனசில் நின்றிருக்காது. என்னைப் பார்த்ததும் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல மாதத்துக்குப் பிறகு என் பெயரைச் சொன்னார்.

"லம்ப், தாழ்வாரத்துல போன் இருக்கு. மிஸ் வின்டரைக் கூப்பிட்டு, திங்கக்கிழமைலேர்ந்து நான் சும்மாத்தான் இருக்கேன்னு சொல்லு. எங்க வேணா வர்றேன். கதவு பக்கத்துல நிக்கற போலீஸ்காரன், தட்டு எடுத்துட்டு வர்ற ஆளு, எதுவா இருந்தாலும் சரி." என் கையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "வசனம் இல்லாததாப் பாக்கச் சொல்லு. போலீஸ் பூட்ஸ் என்கிட்டயே இருக்குன்னும் சொல்லிடு."